உலக சூப்புகளை வீட்டில் சமைக்க: எந்தக் கட்டத்தில் கவனம் வைப்பது?

வேற்று நாட்டு சூப் ஒன்றை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் பலர் பொருள் பட்டியலைப் பார்த்ததுமே தயங்கி நின்றுவிடுகிறார்கள். அந்தக் கடற்பாசிக்கு எங்கே போவது, இந்தப் பாலாடைக்கட்டி கிடைக்காவிட்டால் என்ன போடுவது என்ற கவலையிலேயே ஆசை வடிந்துவிடுகிறது. மரபு சூப்புகளில் பெரும்பாலானவை அந்தந்த வீட்டில் அன்றைக்கு என்ன இருந்ததோ அதைப் போட்டுச் சமைத்தவை. ஒரு காய் குறைந்தாலும் கூடினாலும் அவை தாங்கும். ஆனால் ஒவ்வொரு சூப்பிலும் ஒரு கட்டம் உண்டு. அதில் மட்டும் அவசரப்படவோ வரிசையை மாற்றவோ கூடாது. சூப்பின் சுவையும் நிறமும் பதமும் அங்கேதான் தீர்மானமாகின்றன.

அந்தக் கட்டம் எது, ஏன் அப்படி என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. கீழே வரும் சூப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசையில் வைத்திருக்கிறேன். இதுவரை சூப்பே செய்யாதவர்கள் பருப்பு சூப்பில் தொடங்கலாம்.

தேவையான சாமான்கள்

நாலைந்து லிட்டர் பிடிக்கும் அடிகனமான பாத்திரம் ஒன்று, கண் நெருக்கமான வடிகட்டி, நீளக் கைப்பிடியுள்ள கரண்டி, கூர்மையான கத்தி. அரைக்க மிக்ஸி போதும். சூடான சூப்பை மிக்ஸியில் அரைக்கும்போது ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடியை இறுக்கி அடைக்காமல், மேலே தடித்த துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நிரம்பிய ஜாரில் நீராவிக்குப் போக இடமில்லாமல் மூடியைத் தள்ளிவிடும், கை வெந்துவிடும்.

முதலில் ஸ்டாக்

எலும்பையோ காய்கறியையோ தண்ணீரில் காய்ச்சி வடித்த சாறுதான் ஸ்டாக். எல்லா சூப்புக்கும் அது தேவையில்லை. தேவைப்படும் இடத்தில் வீட்டில் காய்ச்சியதற்கும் கடையில் வாங்கிய ஸ்டாக் கட்டியைக் கரைத்ததற்கும் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். அதனால் ஒருமுறையாவது காய்ச்சிப் பழகுங்கள்.

கோழி ஸ்டாக்குக்கு ஒன்றரைக் கிலோ எலும்பு எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கை, கழுத்து, கால் ஆகியவை கலந்திருந்தால் நல்லது. அவற்றிலுள்ள கொலாஜன் மெதுவாக ஜெலட்டினாக மாறித் தண்ணீருக்குக் கனம் கொடுக்கிறது. எலும்பு மூழ்கும் அளவுக்கு, சுமார் 3 லிட்டர், பச்சைத் தண்ணீர் ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். கொதி வருவதற்குச் சற்று முன் சாம்பல் நிற நுரை மேலே வரும். அதைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருங்கள். நுரை அடங்கியதும் ஒரு வெங்காயம், ஒரு கேரட், ஒரு தண்டு செலரி, சில மிளகு, ஒரு பிரிஞ்சி இலை.

பிறகு தீயைக் குறையுங்கள். அங்கங்கே ஒரு குமிழி மட்டும் எழுந்து உடைய வேண்டும். தளதளவெனக் கொதித்தால் கொழுப்பும் புரதத் துணுக்குகளும் தண்ணீரோடு கலந்து ஸ்டாக் கலங்கிவிடும், வாயில் பிசுபிசுக்கும். 3 மணி நேரம் இப்படியே இருக்கட்டும். மாட்டெலும்பு என்றால் 6 முதல் 8 மணி நேரம், மீன் எலும்பு என்றால் அரை மணி நேரம் போதும், காய்கறி மட்டும் என்றால் முக்கால் மணி. மீன் எலும்பை அதற்கு மேல் வைத்தால் கசப்பு இறங்கும்.

ஸ்டாக்கில் உப்புப் போடாதீர்கள். பின்னால் சூப்பில் அது வற்றும்போது உப்பு கூடிக்கொண்டே போகும், திருத்த வழியிருக்காது.

துருக்கியின் பருப்பு சூப்: கடைசியாக ஊற்றும் வெண்ணெய்

மெர்ஜிமெக் சோர்பாசி என்பார்கள். துருக்கியில் சாதாரண உணவகம் முதல் வீட்டுச் சமையலறை வரை எங்கும் உண்டு. ஸ்டாக் இல்லாமலே நன்றாக வரும்.

ஒரு வெங்காயத்தையும் ஒரு கேரட்டையும் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கி, ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது சேர்த்துப் பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள். கழுவிய 200 கிராம் மைசூர் பருப்பு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி சீரகத்தூள் சேர்த்து 25 நிமிடம் வேகவிட்டு மைய அரைத்து, உப்புப் போடுங்கள்.

இந்த நிலையில் சுவைத்துப் பார்த்தால் வெறும் பருப்புத் தண்ணீராகத்தான் இருக்கும். கவலை வேண்டாம். சிறு வாணலியில் 2 மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, நுரை அடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூளையும் ஒரு தேக்கரண்டி உலர்ந்த புதினாவையும் போடுங்கள். காரம் குறைந்து நிறம் கூடிய மிளகாயாக இருந்தால் சிறப்பு. மிளகாயின் நிறமும் மணமும் கொழுப்பில் கரைபவை. தண்ணீரில் போட்டால் பாதிகூட வெளிவராது. தீ எரியும்போதே போட்டால் நொடியில் கருகிவிடும். சிவந்த வெண்ணெயைக் கிண்ணத்தில் இருக்கும் சூப்பின் மேல் வளைத்து ஊற்றி, எலுமிச்சைத் துண்டோடு கொடுங்கள். எலுமிச்சை கிண்ணத்தில்தான் சேர வேண்டும். பருப்பு வேகும்போது புளிப்பு சேர்ந்தால் அது மென்மையாக நேரம் பிடிக்கும்.

ஜப்பானின் மிசோ சூப்: கொதிக்கவிடக் கூடாது

ஊறவைக்கும் நேரம் போகப் பத்தே நிமிட வேலை, ஆனால் இரண்டு இடத்தில் அடுப்பின் பக்கத்தை விட்டு நகரக் கூடாது.

முதலில் தாஷி என்னும் சாறு. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் உலர்ந்த கோம்பு கடற்பாசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். அதன் மேலிருக்கும் வெள்ளைப் பூச்சைக் கழுவிவிடாதீர்கள், அதில் சுவை இருக்கிறது. மெல்லிய தீயில் சூடாக்கி, பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் தோன்றியதும் கோம்பை வெளியே எடுத்துவிடுங்கள். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். பிறகு தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து அடுப்பை அணைத்து, 20 கிராம் கட்சுவோபுஷி போடுங்கள். புகையூட்டி உலர்த்திய சூரை மீனின் மெல்லிய சீவல் அது. 2 நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள், பிழிய வேண்டாம்.

இந்த இரண்டும் ஏன் சேர்கின்றன என்பதற்கு அழகான விளக்கம் இருக்கிறது. கோம்பின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனாயே இக்கேதா கண்டறிந்தார். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தவரும் அவரே. உலர்மீனில் இருப்பது இனோசினேட் என்று 1913-ல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கொதாமா காட்டினார். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது, தனித்தனியாக இருந்தபோது கிடைத்ததைவிடச் சுவை பல மடங்கு உயர்கிறது. சைவத்துக்கு உலர்ந்த ஷிட்டாகே காளானைக் கோம்போடு ஊறவைத்தால் அதிலுள்ள குவானிலேட் அதே வேலையைச் செய்யும். மூன்று வேதிப்பொருளையும் பெயர் தெரியாமலே சமையல்காரர்கள் ஒரே பாத்திரத்தில் சேர்த்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

தாஷியைத் திரும்பச் சூடாக்கி, சதுரமாக வெட்டிய டோஃபுவையும் ஊறிய வக்கமே கடற்பாசியையும் போடுங்கள். அடுப்பை அணையுங்கள். 4 மேசைக்கரண்டி மிசோவைக் கரண்டியில் வைத்து, கொஞ்சம் தாஷியில் கட்டியில்லாமல் கரைத்துச் சேருங்கள். மிசோ பல மாதங்கள் புளிக்கவைத்த சோயா விழுது. அதன் மணம் கொதியில் பறந்துவிடும். அதனால் மிசோ சேர்ந்த பிறகு சூப் கொதிக்கவே கூடாது. மிசோவிலேயே உப்பு நிறைய இருப்பதால் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை.

உக்ரைனின் போர்ஷ்ட்: வரிசைதான் எல்லாம்

2022-ல் உக்ரைனின் போர்ஷ்ட் சமையல் மரபை, உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டில், ஊரைவிட்டுப் போக நேர்ந்தவர்கள் தங்கள் தோட்டத்து பீட்ரூட்டையும் கூடிச் சமைக்கும் வழக்கத்தையும் விட்டுப் போகிறார்கள் என்ற கவலை அதன் பின்னே இருக்கிறது. வீட்டுக்கு வீடு போர்ஷ்ட் மாறும். பீன்ஸ் சேர்ப்பவர்கள் உண்டு, உலர்ந்த பேரிக்காய் சேர்ப்பவர்கள் உண்டு, மீனில் செய்பவர்களும் உண்டு. அடிப்படை முறை இது.

1. எலும்போடு கூடிய 500 கிராம் மாட்டிறைச்சியை இரண்டரை லிட்டர் தண்ணீரில் நுரை எடுத்து, ஒன்றரை முதல் 2 மணி நேரம் இளங்கொதியில் வேகவையுங்கள். சைவம் என்றால் காய்கறி ஸ்டாக்.

2. தனி வாணலியில் வெங்காயத்தையும் கேரட்டையும் வதக்கி எடுத்து வையுங்கள். அதே வாணலியில், துருவிய 400 கிராம் பீட்ரூட்டை எண்ணெயில் போட்டு, 2 தேக்கரண்டி வினிகர் தெளித்து, ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதோடு மூடி 15 நிமிடம் மெல்லிய தீயில் வையுங்கள்.

3. ஸ்டாக்கில் முதலில் உருளைக்கிழங்கு. அது முக்கால் பதம் வெந்ததும் மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸ். இரண்டும் வெந்த பிறகே பீட்ரூட்டும் வதக்கிய காயும்.

4. 5 நிமிடம் ஒன்றாகக் கொதித்ததும் நசுக்கிய பூண்டு, உப்பு, மிளகு போட்டு அணைத்து மூடிவிடுங்கள்.

பீட்ரூட்டின் சிவப்பு பெட்டானின் என்னும் நிறமி. நீண்ட நேரச் சூட்டில் அது சிதைந்து பழுப்பாகும், புளிப்பு இருந்தால் நிலைத்து நிற்கும். வினிகரோடு தனியாக வதக்குவதும் கடைசியில் சேர்ப்பதும் அதற்காகத்தான். வரிசையைப் புரட்டிப் புளிப்பு சேர்ந்த பிறகு உருளைக்கிழங்கைப் போட்டால் அது எளிதில் வேகாது.

உடனே பரிமாறாதீர்கள். அரை மணி நேரமாவது ஊறட்டும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். கிண்ணத்தில் ஒரு கரண்டி ஸ்மெத்தானா என்னும் புளித்த கிரீமும் சோம்பைப் போல மெல்லிய இலையுள்ள டில் கீரையும். ஸ்மெத்தானா இல்லையென்றால் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர் போதும்.

கிரீஸின் அவ்கோலெமோனோ: முட்டையைப் பழக்கும் முறை

கோழி ஸ்டாக், அரிசி, முட்டை, எலுமிச்சை. கிரீம் ஒரு துளிகூட இல்லாமல் கிரீம் போன்ற பதம் வரும். புதிதாகச் சமைப்பவர்கள் கட்டாயம் செய்து பார்க்க வேண்டிய சூப் என்று இதைத்தான் சொல்வேன். இதில் பழகும் கை, பின்னால் எத்தனையோ சாஸ்களுக்கு உதவும்.

ஒன்றரை லிட்டர் ஸ்டாக்கில் 100 கிராம் அரிசியைக் குழைய வேகவையுங்கள். வெந்த கோழி இறைச்சியைப் பிய்த்துப் போட்டு அடுப்பை அணைத்து 5 நிமிடம் ஆறவிடுங்கள். இதற்குள் 3 முட்டையை நுரைக்க அடித்து, 2 எலுமிச்சையின் சாற்றைச் சேர்த்து மீண்டும் அடியுங்கள்.

இனி பொறுமை. ஒரு கையால் முட்டையை அடித்துக்கொண்டே, மறு கையால் சூடான ஸ்டாக்கை முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு நூலாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று கரண்டி உள்ளே போனதும் முட்டைக் கலவை கைக்கு வெதுவெதுப்பாகும். அதன் பிறகு அதைப் பாத்திரத்தில் இருக்கும் சூப்பில் ஊற்றிக் கிளறுங்கள். முட்டையை நேரடியாகச் சூட்டில் கொட்டினால் புரதம் ஒரே கணத்தில் இறுகித் திரிதிரியாகும். மெதுவாகச் சூடேறினால் அதே புரதம் திரவம் முழுக்கப் பரவி அதைக் கெட்டியாக்கும். பதம் போதவில்லையென்றால் மிக மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே சூடாக்கலாம், கொதி மட்டும் வரவே கூடாது. மறுநாள் சூடாக்கும்போதும் இதே எச்சரிக்கை. அன்றைக்கே சாப்பிட்டு முடிப்பது நல்லது.

பிரான்ஸின் வெங்காய சூப்: ஒரு மணி நேர வெங்காயம்

பாரிஸின் மையத்தில் லே ஆல் என்ற பெரிய மொத்தச் சந்தை இருந்தது. விடியுமுன் மூட்டை இறக்கியவர்களும், இரவு கேளிக்கை முடித்து வந்தவர்களும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த சூப்பைக் குடித்தார்கள். சந்தை 1969-ல் நகருக்கு வெளியே ருஞ்சிஸுக்குப் போய்விட்டது. சூப் மட்டும் உலகமெங்கும் பரவிவிட்டது.

ஒரு கிலோ வெங்காயத்தை மெல்லிய நீளத் துண்டுகளாக அரிந்து, 50 கிராம் வெண்ணெயில் அரைத் தேக்கரண்டி உப்போடு போடுங்கள். முதல் 15 நிமிடம் மூடி வைத்தால் தண்ணீர் விட்டுத் துவளும். பிறகு மூடியை எடுத்துவிட்டு, மிதத்துக்கும் குறைவான தீயில் முக்கால் மணி நேரம். வெங்காயம் கால் பங்காகச் சுருங்கி அடர்ந்த பழுப்பாக வேண்டும். அடியில் பிடிக்கும் பழுப்பைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சுரண்டி வெங்காயத்தோடு கலந்துகொண்டே இருங்கள், சுவை முழுவதும் அதில்தான். பத்து நிமிடத்தில் முடியும் என்று எழுதியிருக்கும் செய்முறைகளை நம்பாதீர்கள். பெருந்தீயில் ஓரம் கருகும், நடுவில் வெங்காயம் பச்சையாகவே இருக்கும். கருகலின் கசப்பைப் பிறகு எதைப் போட்டும் போக்க முடியாது. தீயை ஏற்றுவதற்குப் பதில், நேரம் இருக்கும் ஒரு நாளில் செய்யுங்கள்.

ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி 2 நிமிடம் கிளறி, ஒன்றரை லிட்டர் மாட்டு ஸ்டாக் ஊற்றி அரை மணி நேரம் இளங்கொதியில் வையுங்கள். வழக்கமாகக் கொஞ்சம் வெள்ளை ஒயினும் சேர்ப்பார்கள். வேண்டாதவர்கள் கடைசியில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டால் இனிப்பு மட்டுப்படும். சூடு தாங்கும் கிண்ணத்தில் ஊற்றி, மொறுமொறுப்பாகச் சுட்ட ரொட்டித் துண்டை மிதக்கவிட்டு, துருவிய குருயேர் பாலாடைக்கட்டியைத் தூவி, ஓவனில் மேல் சூட்டில் உருகிப் பொன்னிறமாகும்வரை வையுங்கள். குருயேர் கிடைக்காவிட்டால் நன்றாக உருகும் வேறெந்த முதிர்ந்த பாலாடைக்கட்டியும் ஆகும்.

தாய்லாந்தின் டாம் யம் குங்: அணைத்த பிறகுதான் சுவை

400 கிராம் இறாலின் தலையையும் ஓட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றைக் கொஞ்சம் எண்ணெயில் சிவக்க வதக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு 15 நிமிடம் கொதிக்கவைத்து வடித்தால் ஆரஞ்சு நிறத்தில் ஸ்டாக் கிடைக்கும். அதில் நசுக்கிய 3 தண்டு எலுமிச்சைப் புல், 6 வில்லை பேரரத்தை, கிழித்த 5 மக்ருட் எலுமிச்சை இலை போட்டு 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பேரரத்தைக்கு இஞ்சி மாற்றாகாது, மணமே வேறு. பேரரத்தை கிடைக்கும் நாளில் செய்வதே மேல்.

காளானைப் போட்டு, அது வெந்ததும் இறாலைப் போடுங்கள். 2 நிமிடம், சிவந்து வளைந்ததும் போதும். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று மேசைக்கரண்டி மீன் சாஸ், நசுக்கிய சிறுமிளகாய், கடைசியாக மூன்று நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சாறு கொதித்தால் வாசனை போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். எலுமிச்சைப் புல், பேரரத்தை, இலை ஆகியவை மணத்துக்காகப் போட்டவை, மெல்வதற்கில்லை என்று விருந்தினரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இந்த சூப்பும் 2024-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

ஹைட்டியின் சூப் ஜூமூ

வரலாறு தெரிந்து சமைக்க வேண்டிய சூப் இது. பிரெஞ்சு ஆட்சியில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் இந்தப் பூசணி சூப்பை எசமானர்களுக்காகச் சமைத்தார்கள், அவர்களுக்கு அது மறுக்கப்பட்டிருந்தது. 1804 ஜனவரி 1-ல் ஹைட்டி விடுதலை அறிவித்தது. அன்றுமுதல் ஒவ்வொரு ஜனவரி 1-லும் ஹைட்டியர்கள் இருக்கும் இடமெல்லாம் இந்த சூப் கொதிக்கிறது, அக்கம்பக்கத்துக்கும் போகிறது. 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இதற்கு முந்திய இரவே வேலை தொடங்குகிறது. வெங்காயத்தாள், பூண்டு, பார்ஸ்லி, தைம், குடைமிளகாய் ஆகியவற்றை அரைத்த எபிஸ் என்னும் விழுதையும் எலுமிச்சைச் சாற்றையும் மாட்டிறைச்சியில் பிசறி ஊறவையுங்கள். மறுநாள் இறைச்சியைச் சிவக்க வறுத்துத் தண்ணீர் விட்டு வேகவைத்து, தனியே வெந்து மசித்த பூசணியைக் கலக்கி, கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், இறுதியில் பாஸ்தா. ஸ்காட்ச் பானெட் என்னும் கடுங்கார மிளகாயை முழுதாக மிதக்கவிட வேண்டும். கரண்டி பட்டு உடையாமல் பார்த்துக்கொண்டால் மணம் மட்டும் இறங்கும். உடைந்துவிட்டால் யாராலும் குடிக்க முடியாத காரம்.

உப்பும் புளிப்பும் சரிபார்க்க

ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பில், அதாவது சுமார் 6 கிராமில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மிசோவும் மீன் சாஸும் சேரும் சூப்புகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சப்பென்று இருந்தால் உடனே உப்பை எடுக்காமல் ஒரு கரண்டி சூப்பைத் தனியே எடுத்து இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குறைவது புளிப்பாகத்தான் இருக்கும். ஸ்பெயினின் கஸ்பாச்சோ போலக் குளிர வைத்துக் குடிக்கும் சூப்பை நன்றாகக் குளிர்ந்த பிறகே ருசி பாருங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மங்கலாகத் தெரியும்.

எடுத்து வைக்க

பெரிய பாத்திரத்தோடு அடுப்பிலேயே விட்டால் சூப் ஆறப் பல மணி நேரம் ஆகும். வெதுவெதுப்பாக இருக்கும் அந்த நேரத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அங்கே 3 அல்லது 4 நாள் இருக்கும். திரும்பச் சூடாக்கும்போது தேவையான அளவை மட்டும் எடுத்து, கொதிக்கக் கூடாத மிசோ சூப்பையும் அவ்கோலெமோனோவையும் தவிர மற்றவற்றைத் தளதளவெனக் கொதிக்கவைக்க வேண்டும்.

ஸ்டாக், பருப்பு சூப், ரொட்டி சேர்க்காத வெங்காய சூப் ஆகியவை ஃப்ரீசரில் 2 அல்லது 3 மாதம் நன்றாக இருக்கும். உறையும்போது விரிவடையும் என்பதால் டப்பாவில் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். உருளைக்கிழங்கு உறைந்து உருகினால் மணல்மணலாகும், பாஸ்தா கூழாகும், முட்டை சேர்த்தது திரியும். எனவே போர்ஷ்ட்டையோ ஜூமூவையோ உறைய வைப்பதானால் அவற்றைச் சேர்ப்பதற்கு முன் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, உருக்கிச் சூடாக்கும் நாளில் புதிதாக வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.